விற்ற பிறகும் சாவி உங்களிடமே: கைபேசி, மடிக்கணினி தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கைபேசி, டேப்லெட், மடிக்கணினி தயாரித்து விற்கும் நிறுவனங்களின் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

போன மாதம் 27 மடிக்கணினிகளை நொறுக்குவதற்கு அனுப்பி வைத்தேன். அவற்றில் 22-க்கு ஒரு கோளாறும் கிடையாது. திரை பளிச்சென்று இருந்தது, விசைப்பலகையில் எழுத்துகூடத் தேயவில்லை, பேட்டரி புதிதில் பிடித்ததில் 85 சதவீதத்துக்கு மேல் இன்னும் சார்ஜ் பிடித்தது. உங்களில் ஒருவருடைய சர்வரில் ஒரே ஒரு பதிவை மாற்ற மறுத்துவிட்டார்கள், அவ்வளவுதான் அவற்றின் நோய். அதை விழுங்கிக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்க என்னால் முடியவில்லை.

பழைய மின்னணுப் பொருட்களை வாங்கிப் பழுது பார்த்து மறுபடி விற்பது என் தொழில். 17 வருடமாகச் செய்கிறேன். ஒரு பொருள் என் மேசைக்கு வந்தால் முதலில் அதை அப்படியே ஓட வைக்க முடியுமா என்று பார்ப்பேன். முடியாவிட்டால் பிரித்து, நல்ல பாகங்களை எடுத்து வைப்பேன். அதற்கும் லாயக்கில்லை என்றால்தான் மறுசுழற்சிக்குப் போகும். உங்கள் விளம்பரங்களில் இந்த மூன்றுக்கும் ஒரே பச்சை வண்ணம் பூசிவிடுகிறீர்கள். என் மேசையில் மூன்றும் ஒன்றில்லை. முதலாவது நடந்தால் ஒருவருக்கு ஒரு கணினி கிடைக்கிறது. மூன்றாவது நடந்தால் கொஞ்சம் செம்பு கிடைக்கிறது.

அந்த மடிக்கணினிகளின் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஓர் அலுவலகத்தை இழுத்து மூடினார்கள். மேசை நாற்காலிகளை ஒருவர் எடுத்துக்கொண்டார், 31 கணினிகளை நான் எடுத்துக்கொண்டேன். ரசீது இருக்கிறது, வரிசை எண்கள் எழுதிய பட்டியல் இருக்கிறது, விற்றவரின் கையெழுத்து இருக்கிறது. மூன்று வருடம்கூட ஓடாத கருவிகள். ஐந்தில் உண்மையான பழுது: ஒன்றில் தண்ணீர் போயிருந்தது, இரண்டில் திரை உடைந்திருந்தது, இரண்டில் போர்டே (மதர்போர்டு) போய்விட்டது. மிச்சம் 26-ஐயும் வரிசையாக அடுக்கி, மூடியைத் திறந்து பொத்தானை அழுத்திக்கொண்டே போனேன். ஒன்றுவிடாமல் அதே திரை வந்தது. இந்தக் கருவியை ஒரு நிறுவனம் நிர்வகிக்கிறது, உள்ளே நுழைய அந்த நிறுவனத்தின் கணக்கு வேண்டும்.

அந்த நிறுவனமே இப்போது இல்லை. கணக்கை நிர்வகித்தவர் வேறு வேலைக்குப் போய்விட்டார், கடவுச்சொல் அவருக்கும் நினைவில்லை. வட்டை முழுக்க அழித்து இயங்குதளத்தைப் புதிதாக நிறுவிப் பார்த்தேன். இணையத்தோடு இணைந்த மறுநிமிடம் பழைய திரை திரும்பி வந்து நின்றது. அது அப்படித்தான் வரும். பூட்டு கணினிக்குள்ளே இருந்தால்தானே அழிக்க முடியும்? அது உங்கள் சர்வரில் அந்த வரிசை எண்ணுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறது.

தயாரித்த நிறுவனத்துக்கு எழுதினேன். பெயரைச் சொல்லப் போவதில்லை. உங்களில் வேறு யாருக்கு எழுதியிருந்தாலும் இதே பதில்தான் வந்திருக்கும் என்பது என் எண்ணம். ஆறு வாரம், 11 மின்னஞ்சல்கள். ரசீதை அனுப்பினேன், பட்டியலை அனுப்பினேன். முதல் உரிமையாளர் மட்டும்தான் பூட்டை நீக்கச் சொல்லிக் கேட்கலாம் என்றார்கள். முதல் உரிமையாளர் கலைக்கப்பட்டுவிட்டார் என்று எழுதினேன். அப்படியானால் கருவிகளை எங்கள் மறுசுழற்சித் திட்டத்தில் சேர்த்துவிடுங்கள் என்று பதில் வந்தது. பதிலின் அடியில் ஒரு சின்னப் பச்சை இலைப் படம் போட்டிருந்தார்கள்.

நினைவகத்தையும் சேமிப்பகத்தையுமாவது கழற்றலாம் என்றால், இரண்டையும் போர்டோடு சேர்த்துப் பற்றவைத்திருக்கிறீர்கள். பிரித்து எடுக்கத் தோதாக இருந்தது திரையும் சில கேபிள்களும்தான். அவற்றைக் கழற்றி வைத்துக்கொண்டு மிச்சத்தை எடை போட்டு அனுப்பினேன். நாலு கணினிகளை மட்டும் அனுப்ப மனம் வரவில்லை. அவற்றைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

பூட்டே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைத்துவிட வேண்டாம். இந்தப் பூட்டுகள் வருவதற்கு முந்தைய காலத்தையும் நான் பார்த்திருக்கிறேன். ஐபோனில் கணக்குப் பூட்டு, அதாவது உரிமையாளரின் கணக்குக் கடவுச்சொல் இல்லாமல் திறக்க விடாத பூட்டு, 2013-ல் ஐஓஎஸ் 7-உடன் வந்தது. ஆண்ட்ராய்டில் அதற்கு இணையானது 2015-ல் 5.1 பதிப்போடு வந்தது. அதற்கு முன்னால், பில் இல்லாமல், சார்ஜர் இல்லாமல், ‘சும்மா ரீசெட் பண்ணிக் கொடுங்க போதும்’ என்று அவசரமாக ஒரு போனை நீட்டுகிறவர்கள் வாரத்துக்கு இரண்டு பேராவது வருவார்கள். இப்போது அப்படி வருகிறவர்கள் அருகிவிட்டார்கள். பறித்தாலும் விற்க முடியாது என்று தெரிந்துவிட்டது. அந்த வகையில் பூட்டு நல்ல காரியம் செய்திருக்கிறது, மறுக்கவில்லை.

ஆனால் இன்று என்னிடம் பூட்டோடு வந்து சேரும் கருவிகளில் திருட்டுப் பொருள் அபூர்வம். பெரும்பாலும் மறதிதான். விற்பதற்கு முன்னால் கணக்கிலிருந்து வெளியே வர வேண்டும் என்பது விற்றவருக்குத் தெரிந்திருக்காது. அமைப்புகளுக்குள் போய் அழிப்பதற்குப் பதிலாகப் பொத்தான்களை அழுத்தி ரீசெட் செய்திருப்பார், எல்லாம் அழிந்துவிட்டது என்று நம்பியிருப்பார். அவரைத் தேடிப் பிடித்தால் ஐந்து நிமிட வேலை. தேடிப் பிடிப்பது எப்படி? அவர் யார், அவருடைய மின்னஞ்சல் எது என்பது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. தெரியவும் கூடாது, அது சரிதான். அதனால்தான் உங்களைக் கேட்கிறேன்.

ஓர் அம்மா கணவருடைய டேப்லெட்டைக் கொண்டுவந்தார். அவர் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பேத்திக்குப் படம் வரையக் கொடுக்கலாம் என்று எடுத்திருக்கிறார், கடவுச்சொல் கேட்கிறது. உள்ளே இருக்கிற எதுவும் எனக்கு வேண்டாம், அழித்துவிட்டாலும் பரவாயில்லை, ஓடினால் போதும் என்றார். தயாரிப்பாளரின் சேவைப் பிரிவில் இறப்புச் சான்றிதழோடு, வாங்கிய அசல் ரசீதையும் கேட்டிருக்கிறார்கள். எட்டு வருடத்துக்கு முந்தைய ரசீது யார் வீட்டில் இருக்கும்? அந்த டேப்லெட்டை அவர் என்னிடம் விற்கவும் இல்லை, தூக்கிப் போடவும் இல்லை. துணிப்பையில் சுற்றித் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.

கணக்குப் பூட்டுக்காவது ஒரு நியாயம் உண்டு. பாகங்களுக்கே பூட்டுப் போட ஆரம்பித்திருக்கிறீர்களே, அதற்கு என்ன சொல்வது?

ஒரே மாடலில் இரண்டு போன்கள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் போர்டு செத்துவிட்டது, திரை முழுசாக இருக்கிறது. இன்னொன்றில் திரை நொறுங்கிவிட்டது, மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது. எங்கள் தொழிலின் அரிச்சுவடியே இதுதான், இரண்டைச் சேர்த்து ஒன்றாக்குவது. இரண்டுமே நீங்கள் செய்த அசல் பாகங்கள், ஒரே ஆலையிலிருந்து வந்தவை. திரையை மாற்றிப் பொருத்தி, ஃபிளெக்ஸ் கேபிளைச் சொடுக்கி, மூடி, ஆன் செய்கிறேன். படம் வருகிறது, தொடுதல் வேலை செய்கிறது. அரை நிமிடத்தில் ஓர் அறிவிப்பு: இந்தத் திரை அசல்தானா என்று உறுதி செய்ய முடியவில்லை. கூடவே, சுற்றுப்புற வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைச் சரிசெய்யும் வசதி காணாமல் போயிருக்கும்.

பழுது எங்கே? திரையின் கேபிளில் எள்ளளவு ஒரு ஐசி, அதாவது மின்னணுச் சில்லு இருக்கிறது. அதில் ஒரு வரிசை எண். போர்டில் பதிந்திருக்கும் எண்ணோடு அது பொருந்தவில்லை, அவ்வளவுதான் பழுது. இதைச் சமாளிக்க நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? நுண்ணோக்கிக்கு அடியில் உடைந்த திரையின் கேபிளை வைத்து, சுடுகாற்றால் அந்த ஐசியைப் பெயர்த்து, கால்களைச் சுத்தம் செய்து, நல்ல திரையின் கேபிளில் அதே இடத்தில், பற்றவைக்க உதவும் ஃப்ளக்ஸ் பசையைத் தடவி உட்கார வைத்தோம். கை ஒரு மயிரிழை நடுங்கினால் கேபிள் கருகிவிடும், நல்ல திரையும் போய்விடும். நன்றாக இருக்கும் ஒரு திரையை ‘நான்தான் பழைய திரை’ என்று போனிடம் பொய் சொல்ல வைப்பதற்கு ஒரு மனிதர் அரை நாள் குனிந்து உட்கார்ந்திருக்கிறார். இதை என் பையன் ஒருநாள் பார்த்துவிட்டு, இது என்ன வேலை என்று கேட்டான். எனக்கும் பதில் தெரியவில்லை.

திருட்டுப் போன்களைப் பிரித்துப் பாகமாக விற்பதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு என்கிறீர்கள். அப்படியானால் தொலைந்ததாகப் புகார் பதிவான கருவியின் பாகத்தை மட்டும் மறுத்துவிடுங்கள், மற்றதை ஏற்றுக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியல் உங்களிடம்தான் இருக்கிறது. முடியாத காரியம் என்றும் சொல்ல முடியாது. உங்களில் பெரிய நிறுவனம் ஒன்று, பயன்படுத்திய அசல் பாகங்களையும் சில புதிய மாடல்களில் ஏற்கப்போவதாக 2024-ல் அறிவித்தது. அதே வருடம் மார்ச்சில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் பாகங்களை இப்படி எண்ணால் பிணைத்து முடக்குவதைத் தடுத்துச் சட்டம் போட்டது, 2025 ஜனவரி 1-க்குப் பிறகு தயாரான கருவிகளுக்கு அது பொருந்தும். சட்டம் இருக்கிற இடத்தில் ஒரு போன், இல்லாத இடத்தில் இன்னொரு போன் என்று நீங்கள் வடிவமைப்பதில்லை. பூட்டை மட்டும் ஏன் இடம் பார்த்துத் திறக்க வேண்டும்?

அப்புறம் பசை. பேட்டரிதான் ஒரு போனில் கட்டாயம் தேய்ந்துபோகும் பாகம், லித்தியம் அயனியின் வேதியியல் அப்படி. காரில் டயர் தேய்வதைப் போல. டயரைச் சக்கரத்தோடு ஒட்டி விற்கிற கார் கம்பெனியை யாராவது சும்மா விடுவார்களா?

நீங்கள் ஒட்டிய பேட்டரியை எடுக்க நான் என்ன செய்கிறேன் என்று சொல்கிறேன். பின்கண்ணாடியைச் சூடாகும் தட்டில் வைத்து, 80 டிகிரி பக்கம் வந்து பசை இளகும் வரை காத்திருப்பேன். கண்ணாடி விலகியதும் உள்ளே பேட்டரிக்கு அடியில் ரப்பர்போல இழுபடும் ஒட்டுப்பட்டை தெரியும். நுனியைப் பிடித்து மட்டமாக, ஒரே சீராக இழுத்தால் முழுதாக உருவிக்கொண்டு வரும். அது புதுப் போனில். மூன்று வருடம் சூடேறி ஆறிக் காய்ந்த போனில் பாதி வழியில் அறுந்துவிடும். பிறகு ஓரத்தில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மெல்லிய பிளாஸ்டிக் அட்டையைச் செருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நெம்ப வேண்டும். பேட்டரி வளைந்தால் உள்ளே இருக்கும் பிரிப்பான் படலம் கிழியலாம். கிழிந்தால் இரண்டு மின்வாய்களும் தொட்டுக்கொள்ளும், அதற்கு மேல் அந்தச் சூட்டை நிறுத்த வழியில்லை. என் மேசைக்கடியில் எப்போதும் ஒரு வாளி மணல் உண்டு. 17 வருடத்தில் இரண்டு முறை அது பயன்பட்டது. இரண்டாவது முறை, புகைக்கு முன்னால் நகப்பூச்சு அழிக்கும் திரவம்போல ஓர் இனிப்பு வாடை வந்தது. இப்போதும் எங்காவது அந்த வாடை அடித்தால் கை தானாக வாளியைத் தேடுகிறது.

தண்ணீர் புகாமல் இருக்கத்தான் பசை என்பது நீங்கள் வழக்கமாகச் சொல்லும் சமாதானம். 2014-ல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்5-ன் பின்மூடியை நகத்தால் திறந்து பேட்டரியை வெளியே எடுக்கலாம். அதற்கு ஐபி67 தரமும் இருந்தது, அதாவது ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். மூடியின் ஓரத்தில் ஒரு ரப்பர் வளையம் போட்டிருந்தார்கள், வேலை முடிந்தது. அந்த மாடல் ஒன்றிரண்டு இன்றும் என் கைக்கு வருகிறது. புதுப் பேட்டரி போட ஐந்து விநாடி.

ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் நிறைவேற்றிய பேட்டரி விதி, 2027 பிப்ரவரி 18 முதல், கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயன்படுத்துகிறவரே கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்கிறது. விலக்குகள் சில உண்டு, அவற்றில் எப்படி நுழையலாம் என்று உங்கள் வழக்கறிஞர்கள் இந்நேரம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பொறியாளர்களையும் கொஞ்சம் பார்க்கச் சொல்லுங்கள்.

மென்பொருளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், இது எல்லோருக்கும் தெரிந்த கதை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11 ஏறுவதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், குறிப்பிட்ட தலைமுறைக்குப் பிந்தைய செயலி வேண்டும். அது இல்லாத கணினிகள் நேற்று வரை ஓடியதுபோல இன்றும் ஓடுகின்றன, விற்கிற இடத்தில்தான் மதிப்பிழந்துவிடுகின்றன. லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றிக் கொடுத்தால் சிலர் வாங்கிக்கொள்கிறார்கள், எல்லோருக்கும் அது பழக்கமில்லை. கைபேசியில் நிலைமை கொஞ்சம் தேறியிருக்கிறது. 2023, 2024 வாக்கில் வந்த சில உயர்ரக மாடல்களுக்கு ஏழு வருடம் மேம்படுத்தல் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள். நல்லது. ஆனால் அந்த ஏழு வருடம் அந்த மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து ஓட ஆரம்பிக்கிறது. இரண்டாம் கையாக வாங்குகிறவர் ‘இது இன்னும் எவ்வளவு நாளைக்கு’ என்று என்னைக் கேட்டால், இணையத்தில் பத்துப் பக்கம் தேடித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. ரொட்டிப் பொட்டலத்தில்கூடக் கெடுதேதி அச்சடித்திருக்கிறார்கள்.

இதற்கெல்லாம் உங்கள் பதில் மறுசுழற்சிதான் என்று எனக்குத் தெரியும். நொறுக்கினால் என்ன, எல்லாம் திரும்பக் கிடைத்துவிடும் என்பது போல ஒரு படம் காட்டுகிறீர்கள்: பழைய போன் ஒரு பக்கம் உள்ளே போகும், புதுப் போன் மறுபக்கம் வெளியே வரும்.

மறுசுழற்சி ஆலைக்கு நானே பொருள் கொடுக்கிறவன், அதை மட்டமாகப் பேசவில்லை. டோக்கியோ ஒலிம்பிக்குக்காக ஜப்பான் மக்கள் கொடுத்த பழைய கருவிகள் 78,985 டன். அதில் கைபேசி மட்டும் 62 லட்சத்துக்கு மேல். அவற்றிலிருந்து 32 கிலோ தங்கம், 3,500 கிலோ வெள்ளி, 2,200 கிலோ வெண்கலம் எடுத்து, ஏறத்தாழ 5,000 பதக்கங்களையும் அதிலேயே செய்தார்கள். பெரிய சாதனைதான். ஆனால் அந்த எண்களை இன்னொரு முறை படித்துப் பாருங்கள், எவ்வளவு போட்டு எவ்வளவு எடுத்திருக்கிறார்கள் என்று. செம்பு, தங்கம், வெள்ளி, பல்லேடியம் உலையில் மீளும். ஒலிபெருக்கியிலும் அதிர்வு மோட்டாரிலும் இருக்கும் காந்தத்தின் நியோடிமியம் என்ற அரிய மண் தனிமம் பெரும்பாலும் மீளாது. அரிய மண் தனிமங்களுக்கு உலகில் இருக்கும் தேவையில் மின்கழிவு மறுசுழற்சியிலிருந்து கிடைப்பது 1 சதவீதம்தான் என்று ஐ.நா. அமைப்புகள் 2024-ல் வெளியிட்ட உலக மின்கழிவு அறிக்கை சொல்கிறது. அதே அறிக்கையின்படி 2022-ல் உலகம் போட்ட மின்கழிவு 6.2 கோடி டன், முறையாகத் திரட்டி மறுசுழற்சி ஆனதாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம். அந்த 22-க்குள் முழு நலத்தோடு நொறுங்கியவை எத்தனை என்று யாரும் எண்ணுவதில்லை. என்னுடைய 22-ஐ நான் எண்ணிவிட்டேன்.

உங்களுடைய சுற்றுச்சூழல் அறிக்கைகளையும் நான் படிப்பதுண்டு, தூக்கம் வராத இரவில். ஒரு கைபேசி தன் வாழ்நாளில் உண்டாக்கும் கார்பனில் பெரும்பங்கு அதைத் தயாரிக்கும்போதே வெளியாகிவிடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சார்ஜ் போடுவதெல்லாம் அதில் கொசுறு. அப்படியானால் ஒரு போனை இன்னும் மூன்று வருடம் ஓட விடுவதுதானே நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய பசுமைக் காரியம்? உங்கள் கணக்கை வைத்துத்தான் கேட்கிறேன்.

தரவுப் பாதுகாப்புக்காக நொறுக்குகிறோம் என்பதும் அடிக்கடி காதில் விழுகிறது. ஒரு காலத்தில் இதில் நியாயம் இருந்தது. பழைய வட்டில் கோப்பை அழித்தால் அட்டவணையில் பெயர்தான் போகும், உள்ளடக்கம் அங்கேயே கிடக்கும். தற்கால போனில் எல்லாமே குறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறது, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றி வைத்திருக்கிறது, முறையாக அழித்தால் குறியாக்கச் சாவியே அழிந்துவிடும். சாவி போன பிறகு உள்ளே மிஞ்சுவது அர்த்தமில்லாத இரைச்சல். அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் வெளியிட்ட 800-88 வழிகாட்டியும் இப்படிச் சாவியை அழிப்பதை ஏற்கத்தக்க முறையாகச் சேர்த்திருக்கிறது. அந்தச் சாவியை அழிக்கும் வசதியைக் கட்டிக் கொடுத்ததே நீங்கள். உங்கள் வேலையை நீங்களே நம்பாவிட்டால் எப்படி?

எங்கள் பக்கத்துக் குறையையும் மறைக்கப் போவதில்லை. செத்த பேட்டரிக்குப் புது ஸ்டிக்கர் ஒட்டி விற்கிறவர்கள் எங்கள் தொழிலில் இருக்கிறார்கள். மட்டமான திரையைப் போட்டு அசல் என்கிறவர்கள் இருக்கிறார்கள். வாங்கிய போனில் முந்தையவரின் படங்களை எட்டிப் பார்க்கிற அற்பர்களும் இருக்கிறார்கள். அசல் பாகத்தை நியாயமான வழியில் வாங்க முடிந்தால் முதல் இரண்டு வகைக்குப் பாதி வேலை இருக்காது. நல்ல வழியை அடைத்துவிட்டுக் கள்ள வழியைப் பற்றிப் புகார் சொல்வதில் எனக்குச் சம்மதமில்லை. மின்கழிவு குவிந்த சீனாவின் குய்யூவிலும் கானாவின் அக்பொக்புளோஷியிலும் கேபிளை எரித்துச் செம்பு எடுத்த படங்களை உலகமே பார்த்தது. மின்கழிவு எல்லாவற்றையும் நாடுவிட்டு நாடு அனுப்ப முன்அனுமதி வேண்டும் என்று அபாயக் கழிவுகளை நாடு கடத்துவதைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கையின் திருத்தம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஓடக்கூடிய கருவியைப் பூட்டின் பேரில் கழிவாக்கி, அந்தக் குவியலுக்கு மேலும் சேர்க்கிறவர்கள் யார் என்று நீங்களே யோசியுங்கள்.

சரி, என்ன வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன்.

கணக்குப் பூட்டுக்கு ஒரு வாசல் வையுங்கள். வாங்கிய சான்றோடு ஒரு விற்பனையாளரோ பழுது பார்ப்பவரோ வரிசை எண்ணைக் கொடுத்தால், நீங்கள் அந்தக் கணக்குக்காரருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்: உங்கள் பழைய கருவி இன்னாரிடம் இருக்கிறது, இது திருடப்பட்டதா, 30 நாளுக்குள் சொல்லுங்கள். ஆமாம் என்றாலோ, ஏற்கெனவே தொலைந்ததாகப் பதிவாகியிருந்தாலோ பூட்டு அப்படியே இருக்கட்டும், கருவியை நானே கொண்டுபோய் ஒப்படைக்கிறேன். பதிலே வராவிட்டால் உள்ளே இருப்பதை முழுக்க அழித்துவிட்டுத் திறந்துவிடுங்கள். தரவு எதுவும் என் கைக்கு வர வேண்டாம். மூடப்பட்ட நிறுவனங்களின் கருவிகளுக்கும், இறந்தவர்களின் கருவிகளுக்கும் இதே வழி திறந்திருக்க வேண்டும், பழைய ரசீதைக் கேட்டுத் திருப்பி அனுப்பக் கூடாது.

பயன்படுத்திய அசல் பாகத்தைப் போன் ஏற்க வேண்டும், எல்லா மாடலிலும், எல்லா இடத்திலும். அளவுத்திருத்தம் தேவைப்பட்டால் அதற்கான மென்பொருளை எங்களுக்கும் கொடுங்கள். ‘இது பயன்படுத்திய பாகம்’ என்று அமைப்புகளில் ஒரு மூலையில் எழுதிக் காட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, வாங்குகிறவருக்கு அது தெரிவது நல்லதுதான். வசதிகளை முடக்காதீர்கள்.

பேட்டரியைச் சாதாரணத் திருகாணியால் பொருத்துங்கள். பசை இல்லாமல் முடியாது என்றால், மூன்று வருடம் கழித்தும் அறுந்துபோகாத பசையைக் கண்டுபிடியுங்கள், உங்களிடம் ஆய்வுக்கூடம் இருக்கிறது.

பாதுகாப்பு மேம்படுத்தல் எந்த நாளோடு நிற்கும் என்பதைப் பெட்டியிலும், கருவியின் அமைப்புகளிலும் தேதியாகப் போடுங்கள். அந்தத் தேதி வரும்போது இயங்குதளப் பூட்டை அவிழ்த்துவிடுங்கள், வேறொன்றை ஏற்றிக்கொள்ள விரும்புகிறவர் ஏற்றிக்கொள்ளட்டும்.

திரும்பப் பெறும் திட்டத்தில் உங்களிடம் வருகிற ஒவ்வொரு கருவியையும் நொறுக்குவதற்கு முன்னால் ஆன் செய்து பாருங்கள். வருடா வருடம் வெளியிடும் அறிக்கையில் எத்தனை டன் திரட்டினோம் என்பதோடு, அவற்றில் எத்தனை மறுபடி ஓடப் போயின, எத்தனை பாகமாகப் போயின, எத்தனை நொறுங்கின என்று மூன்று எண்களையும் தனித்தனியாகப் போடுங்கள்.

கடைசியாக, அந்த நாலு கணினிகள். என் அலமாரியின் மேல்தட்டில் இருக்கின்றன, வாரம் ஒருமுறை சார்ஜைப் பார்த்துப் பாதியளவில் வைத்திருக்கிறேன். தயாரித்தவர்களிடம் அவற்றின் வரிசை எண்கள் என் 11 மின்னஞ்சல்களிலும் இருக்கின்றன. இந்த மடலைப் படிக்கிற உங்களில் அந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர் யாராவது இருந்தால், அந்த நாலு எண்களுக்கு எதிரே இருக்கும் பதிவை மட்டும் நீக்கிவிடுங்கள். ஆன் செய்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
பழைய கருவிகளைப் பழுது பார்த்து விற்கும் ஒருவர்